ரிசோ டூப்ளிகேட்டர்: அச்சில் குறையில்லை, தாள் இழுப்பில்தான் பரீட்சை

ஒரே மூலத்திலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதி அடிக்கும் இந்த மெசினைக் கொழும்பில் டூப்ளிகேட்டர் என்று வாய்நிறையச் சொல்பவர் குறைவு. பாடசாலை அலுவலகங்களில் இன்றும் "ரோனியோ போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். டியூட்டரி என்ற தனியார் வகுப்பு நடத்துபவருக்கு அது வெறும் "ரிசோ". மெழுகுத்தாளில் தட்டச்சடித்து, கைப்பிடியைச் சுற்றி, விரலெல்லாம் மையாக்கிய அந்தப் பழைய மெசினின் பேரப்பிள்ளைதான் இது. அடிப்படை மாறவில்லை. மூலத்தின் எழுத்துப்படி துளை விழுந்த மாஸ்டர் என்ற தகடு, சிலிண்டருக்குள்ளிருந்து அந்தத் துளைவழி கசியும் மை, அதன்மேல் அழுத்தப்படும் தாள். மெழுகுத்தாள் இருந்த இடத்தில் மெல்லிய படலம் வந்திருக்கிறது. தட்டச்சு எழுத்து செய்த வேலையைச் சூட்டால் துளைக்கும் தெர்மல் ஹெட் செய்கிறது. ஜப்பானின் ரிசோ ககாகு நிறுவனம் ரிசோகிராஃப் என்ற பெயரில் இதை வெளியிட்டது 1980இல்.

இங்கே பார்ப்பது ரிசோவின் ஆர்.இசட்., ஈ.இசட். வரிசை மெசின்களை. பாவித்த மெசின் தேடுகிற டியூட்டரிகளும் பாடசாலைகளும் கோயில், தேவாலய அலுவலகங்களும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் முன்னால்தான் போய் நிற்கும். அச்சுத் தரத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை: அங்குலத்துக்கு 600 புள்ளி தரும் மொடலும் உண்டு, 300 புள்ளி தருவதும் உண்டு, டியூட்டுக்கும் (வகுப்பில் கொடுக்கும் பாடத்தாள்) தவணை வினாத்தாளுக்கும் இரண்டுமே போதும். வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 130 தாள் வரை, ஐந்து படி. தட்டில் மெல்லிய தாளானால் 1000 வரை அடுக்கலாம். 100க்கு 148 மில்லிமீற்றர் சின்னத் துண்டுத்தாளும் போகும், 310க்கு 435 மில்லிமீற்றர் பெரிய தாளும் போகும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் இந்த மெசினின் நல்லதும் கெட்டதும் தாள் இழுக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இருக்கிறது. அச்சு மங்கினால் மையைப் பார்க்கலாம், மாஸ்டரைப் பார்க்கலாம், அரை மணியில் விஷயம் முடிந்துவிடும். தாள் இழுப்பு கெட்டால் ஒரு பகல் போய்விடும், கூடவே ஒரு ரீமும் போய்விடும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன ஊர் இது. இங்கே கசங்கிய தாளைக் கூடைக்குள் போட யாருக்கும் மனம் வராது.

ஒரு தாள் போகும் வழி

பழுது பார்க்க முதல் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டார்ட்டை அமுக்கியதும் தாள் தட்டு மேலே எழும்பும். அடுக்கின் உச்சித் தாளை முதலில் தொடுவது ஸ்க்ரேப்பர் என்று சொல்லும் இறப்பர் ரோலர். அது தாளை முன்னே தள்ளிவிட, அதற்குப் பின்னால் இருக்கும் பிக்கப் ரோலர் வாங்கிக்கொள்ளும். பிக்கப் ரோலருக்குக் கீழே, அதை முட்டிக்கொண்டு ஸ்ட்ரிப்பர் பாட் இருக்கிறது. ரோலர் மேல் தாளை இழுக்க, பாட் கீழ்த் தாளைப் பிடித்துவைக்கும். ஒற்றைத் தாள் பிரிவது இந்த இழுபறியில்தான்.

பிரிந்த தாள் நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. டைமிங் ரோலரில் முட்டி நிற்கும். முட்டும்போது தாள் இலேசாக வளைந்து, அந்த வளைவின் தள்ளலில் முன்விளிம்பு நேராகிவிடும். சிலிண்டர் சரியான இடத்துக்குச் சுழன்று வந்ததும் டைமிங் ரோலர் தாளை விடுவிக்கும். கீழிருந்து பிரஷர் ரோலர் எழும்பித் தாளைச் சிலிண்டரோடு அழுத்தும். அச்சானதும் ஒரு கூரிய பிரிப்பு நகமும் விசிறிக் காற்றும் தாளைச் சிலிண்டரிலிருந்து உரிக்கும். உறிஞ்சு பட்டி அதை வாங்கும் தட்டுக்கு எறியும். நிமிடத்துக்கு 130 என்றால் அடுத்தடுத்த தாளுக்கு இடையே அரைச் செக்கன்கூட இல்லை. இவ்வளவு அவசரத்தில் பெரும்பாலும் சறுக்காமல் நடப்பதுதான் வியப்பு.

போட்டோகொப்பி மெசினோடு ஒப்பிட்டால் இதில் தாளைப் பொசுக்கும் சூடு கிடையாது, தாள் மடங்கித் திரும்பும் வளைவுகளும் கிடையாது. அதனால் ஆர்.இசட். வரிசை 46 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மெல்லிய தாளிலிருந்து 210 ஜிஎஸ்எம் அட்டை வரை ஏற்கும். மூடிய லாச்சிக்குள் இல்லாமல் திறந்த தட்டில் தாள் கிடப்பதால் சிக்கினால் எடுப்பதும் சுலபம். அதே திறந்த தட்டுத்தான் கொழும்புக் காற்றில் பாதகமாகவும் முடிகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எங்கே நின்றது?

சிக்கிய தாளை உடனே பிடித்து இழுக்கிற கை, துப்பை அழிக்கிற கை. முதலில் குனிந்து பாருங்கள். தாளின் முன்விளிம்பு எங்கே நிற்கிறது?

தட்டிலிருந்து அசையவே இல்லை, அல்லது ஒரு விரல் அளவு நகர்ந்து நின்றது என்றால் குற்றம் ரோலரில். முன்விளிம்பு டைமிங் ரோலர் வரை போய், வளைவு வைத்த இடம் விசிறி மடிப்பாகச் சுருங்கியிருந்தால் டைமிங் ரோலர் பக்கம் பார்க்க வேண்டும்; அங்கே தாள் துணுக்கு ஒன்று ஒளிந்திருக்கும், அல்லது தாளைக் காணும் சென்சரில் தூசு இருக்கும். சிலிண்டரில் ஒட்டிச் சுற்றியிருந்தால் இழுப்பை விட்டுவிடுங்கள், அது வேறு கதை. வாங்கும் தட்டருகே குவிந்து கிடந்தால் அதுவும் இழுப்புப் பழுதில்லை, அனேகமாகத் தட்டின் பக்கத் தடுப்புகள் சரியாக வைக்கப்படவில்லை.

மூன்று முறை சிக்க விட்டு, மூன்று முறையும் ஒரே இடமா என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஒரே இடம் என்றால் மெசின். இடம் மாறி மாறி வந்தால் தாள்.

தாள் வரவே இல்லை என்றால்

முதல் சந்தேகம் ஸ்க்ரேப்பர், பிக்கப் ரோலர்களின் மேற்பரப்பு. நல்ல ரோலரை விரலால் தடவினால் இலேசாகப் பிடிக்கும், நிறம் மங்கலாக இருக்கும். களைத்த ரோலர் பளபளக்கும், விரல் வழுக்கிப் போகும். தாளில் நிரப்பியாகச் சேர்க்கும் கல்சியம் கார்பனேற்றுத் தூள் இறப்பரில் படிந்து படிந்து மெருகேறியதுதான் அந்தப் பளபளப்பு. மெசினைக் கரும்பலகை உள்ள வகுப்பின் மூலையில் வைத்திருந்தால் சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்துகொள்ளும். ஏன் அங்கே வைக்கிறார்கள் என்பது தெரியாது; ஆனால் வைக்கிறார்கள்.

சுத்தம் செய்யும் முறை இது. தட்டைக் கீழே இறக்கித் தாள் முழுவதையும் எடுங்கள். அதன் பிறகு சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். நூல் உதிராத பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி முழு வட்டத்தையும் துடையுங்கள். ரோலர் ஒரு பக்கம்தான் சுழலும். மறுபக்கம் திருகிப் பலம் காட்டாதீர்கள். துணியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வருவது நிற்கும் வரை துடைத்து, ஐந்து நிமிடம் காய விடுங்கள். அப்படியும் மினுக்கம் போகாவிட்டால் ஐசோபுரோபைல் அற்ககோலைத் துணியில் தொட்டு ஒரு தடவை துடைக்கலாம். தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் மூன்றையும் கிட்டவே கொண்டுபோகக்கூடாது. இறப்பர் ஊதிவிடும், பிறகு ரோலர் உருண்டையாக இருக்காது. அரத்தாளால் தேய்க்கிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு கிழமைக்கு நன்றாக இழுக்கும். தேய்மானம் ஒரு சீராக இல்லாததால் பிறகு தாள் கோணலாகப் போகத் தொடங்கும்.

துடைத்த பின்னும் வரவில்லையா? தாள் அழுத்த நெம்பைப் பாருங்கள். நோர்மல், கார்ட் என்று இரண்டு நிலை அதில் இருக்கும். சாதாரணத் தாளுக்கும் சொரசொரப்பான தாளுக்கும் நோர்மல். தடித்ததற்கும் வழவழப்பானதற்கும் கார்ட். கலியாண அழைப்புக்கோ கோயில் திருவிழாத் துண்டுக்கோ அட்டை போட்டவர் நெம்பைத் திருப்பி வைக்காமல் போயிருப்பார். அடுத்த நாள் 60 ஜிஎஸ்எம் தாள் போடுபவர் மெசினைத் திட்டிக்கொண்டு நிற்பார். பழுது என்று டெக்னீஷியனைக் கூப்பிட முதல் பார்க்க வேண்டிய இடம் இந்த நெம்புதான்.

அடுக்கு நிறைய இருக்கும்போது நன்றாக இழுத்து, பாதி குறைந்ததும் விட்டு விட்டு இழுத்தால் சந்தேகம் தட்டு உயர்வில். தாள் குறையக் குறையத் தட்டு மேலேற வேண்டும். உச்சித் தாளின் உயரத்தைக் காணும் உறுப்பில் தூசு, அல்லது தட்டின் பக்கத் தடுப்பு தாளை இறுக்கிப் பிடித்து மேலே வர விடவில்லை. தடுப்பைத் தாளோடு தொடுமளவுக்கு மட்டும் தள்ளிப் பூட்டவேண்டும். இறுக்கினால் நடுவில் தாள் வளைந்து நிற்கும், கண்ணால் பார்க்கலாம்.

இரண்டும் மூன்றுமாக வந்தால்

கொழும்பில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். அடையாளம் எளிது: அச்சடித்த கட்டுக்குள் வெற்றுத்தாள்கள். ஒட்டி வந்த இரண்டில் மேல் தாள்தான் சிலிண்டரைத் தொட்டு மை வாங்கும், கீழ்த் தாள் வெறுமையாகவே வெளியேறும். வினாத்தாள் எண்ணிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு வெற்றுத்தாள் போவது இப்படித்தான்.

காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, தாளே ஒட்டியிருப்பது. பெரிய தாளை வாங்கி, வெட்டுமெசினில் ஏ4 ஆகவோ ஃபுல்ஸ்கெப்பாகவோ வெட்டுவித்தால் காசு மிச்சம்தான். ஆனால் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டிய விளிம்பில் நார் பிசிறி, தாளோடு தாள் பின்னிக்கொள்ளும். விளிம்பை விரலால் தடவினால் தெரியும். அத்தகைய கட்டை நான்கு பக்கமும் விசிறி உதறாமல் போடவே கூடாது. ஐம்பது அறுபது தாளாக எடுத்து, இரு கையாலும் வளைத்து, காற்று புகவிட்டு, பிறகு சமதளத்தில் தட்டி நேராக்க வேண்டும். முழு ரீமையும் ஒரேயடியாக உதறினால் நடுத்தாள்களுக்குக் காற்றே போகாது.

இரண்டாவது, ஸ்ட்ரிப்பர் பாட். தாளைப் பிடித்துவைக்கிற வேலையே இதனுடையது. இதுவும் மெருகேறும், தேயும். நகத்தால் பாட்டின் குறுக்கே ஒரு கீறு கீறிப் பாருங்கள். ரோலர் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்து நகம் தடுக்கினால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பள்ளம் இல்லாமல் மினுக்கம் மட்டும் என்றால் ஈரத்துணி போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரோலர் களைத்தால் தாள் வராது, பாட் களைத்தால் இரண்டு வரும். இரண்டும் சேர்ந்து களைத்தால் ஒரு நேரம் வராது, ஒரு நேரம் மூன்றாக வரும். அந்த நிலையில் பாட்டை மட்டும் மாற்றினால் புதுப் பாட்டின் பிடி, வழுக்கும் ரோலரை வென்றுவிடும். தாள் அடியோடு நின்றுவிடும். "மாற்றின பிறகுதான் மோசம்" என்ற முறைப்பாடு பெரும்பாலும் இதிலிருந்து வருவது. மாற்றினால் சோடியாக மாற்றுங்கள்.

மூன்றாவது, அழுத்தமும் சாய்வும். தாள் அழுத்தம் கூடினால் ஸ்க்ரேப்பர் மேல் தாளோடு கீழ்த் தாளையும் சேர்த்து உந்தும். பாட்டின் சாய்வை மாற்றும் திருகும் உண்டு. தாளை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பலாம். கடைசியாகத் தொட வேண்டியது அதை. தொட முதல் திருகின் இப்போதைய நிலையைப் பேனையால் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருப்ப வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஐம்பது தாள் ஓடவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் கோட்டுக்கே திருப்பிவிடுங்கள். பாட் தேய்ந்ததை இந்தத் திருகால் மறைத்து விற்ற மெசின்கள் ஊரில் உலாவுகின்றன.

கோணலும் நழுவலும்

எல்லாத் தாளும் ஒரே பக்கமாக, ஒரே அளவு சாய்ந்தால் பக்கத் தடுப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ரோலரின் ஒரு பாதி மட்டும் தேய்ந்திருக்கிறது. சில தாள் இடது, சில தாள் வலது என்றால் தாளின் வெட்டுச் சதுரமில்லை. கட்டில் பாதியை எடுத்துக் குப்புறத் திருப்பி மறுபாதியோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள்; மூலைகள் பொருந்தவில்லையென்றால் வெட்டியவரிடம் போக வேண்டும், மெசின்காரரிடம் இல்லை.

நழுவல் வேறு. இருபது பிரதியை எடுத்து முன்விளிம்பு சேரத் தட்டி, முதல் வரியை மட்டும் விரித்துப் பாருங்கள். வரிகள் ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. ஏறி இறங்கினால் டைமிங் ரோலர் வழுக்குகிறது. தாள் தாமதித்துப் போனால் சிலிண்டர் முந்திவிடும், அச்சு தாளின் முன்விளிம்பை நோக்கி நகரும், சில தாளில் தலைப்பே வெட்டுப்படும். இதே சோதனையை 60 வேகத்திலும் 130 வேகத்திலும் செய்ய வேண்டும். வேகத்தோடு நழுவல் கூடினால் டைமிங் ரோலரும் அதன் கீழ்த் துணை ரோலரும் துடைக்கப்பட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் ஏற்ற இறக்கம் டியூட்டுக்குப் பரவாயில்லை. இரண்டு நிறம் அடிப்பவருக்கு அதுவே தலையிடி.

எல்லாத் தாளிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது பழுதே இல்லை. நிலைத் திருத்தப் பட்டனால் மேலும் கீழுமாக 15 மில்லிமீற்றர் வரை நகர்த்தலாம். இடம் வலமாகத் தட்டிலுள்ள குமிழால் 10 மில்லிமீற்றர். குமிழைத் திருப்ப முதல் தட்டை இறக்குங்கள். திருப்பிய பிறகு வாங்கும் தட்டின் தடுப்புகளையும் அதே பக்கம், அதே அளவு நகர்த்துங்கள். இந்தக் கடைசி வேலையை மறப்பதால்தான் "வெளியே வரும்போது சிக்குது" என்கிறார்கள்.

சிலிண்டரில் சுற்றுவது

டியூட்டரி டியூட்டுகளுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது: உச்சியில் கன்னங்கரிய பட்டி, அதில் வெள்ளையாக ஆசிரியர் பெயர், பாடம், "க.பொ.த. உயர்தரம்". பார்வைக்கு எடுப்புத்தான். மெசினுக்கு அது பசை. முன்விளிம்பிலேயே அவ்வளவு மை ஏறினால் பிரிப்பு நகத்துக்குத் தாளை உரித்தெடுக்க இடமில்லை, தாள் சிலிண்டரோடு போய்விடும். முன்விளிம்பில் 5 மில்லிமீற்றர் வெறுமை கட்டாயம் வேண்டும். பட்டியை விட மனமில்லாவிட்டால் மூலத்தைத் தலைகீழாக வைத்து மாஸ்டர் எடுங்கள். அடிப்பக்கம் முதலில் போகும், கறுப்புப் பட்டி கடைசியில் வரும், பிரச்சினை தீர்ந்தது. கறுப்பை இலேசான சாம்பலாக்கினால் மையும் மிச்சம்.

சுற்றிய தாளை எடுக்க, சிலிண்டர் விடுவிக்கும் பட்டனை அமுக்கி, விளக்கு எரிந்ததும் கைப்பிடியால் நேரே வெளியே இழுங்கள். தாளைக் கையால் உரியுங்கள். கத்தியோ கத்தரிக்கோலோ வேண்டாம், சிலிண்டரின் மெஷ் (மெல்லிய வலை) கிழிந்தால் செலவு பெரிது. உள்ளே கைவிடும்போது பிரிப்பு நகம் கூரானது என்பது நினைவிருக்கட்டும். அப்படியே பிரஷர் ரோலரையும் ஒருக்காப் பாருங்கள். அதில் மை அப்பியிருந்தால் தாளின் முதுகு கறுத்து வரும், மெல்லிய தாள் ஒட்டவும் செய்யும். அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போகும்.

கொழும்புக் காற்றும் தாளும்

மெசின் சரியாக இருந்தும் ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடாத அலுவலகங்களில் முதலில் பார்க்க வேண்டியது தாள் வைத்திருக்கும் இடத்தை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் சாளரம் திறந்த அறையில் ஒரு ரீமைப் பிரித்து இரவு முழுக்க விட்டால், காலையில் விளிம்பு அலையலையாக இருக்கும். தாளின் விளிம்புதான் முதலில் ஈரம் குடிக்கும், குடித்த இடம் நீளும், நடுப்பகுதி நீளாது. அதுதான் அந்த அலை. அலை விழுந்த விளிம்பு பாட்டின் மேல் சமமாகப் படாது. குளிரூட்டிய அறையில் நடப்பது எதிர்மாறு: விளிம்பு காய்ந்து சுருங்கி, தாள் தட்டம் மாதிரிக் குழியும், நிலைமின்னும் ஏறும், தாளோடு தாள் ஒட்டும். மிக மோசமானது இரண்டும் கலந்த ஏற்பாடு. களஞ்சியம் கீழ்மாடியில் ஈரமாக, மெசின் மேல்மாடியில் ஏசியோடு. அங்கே தாளை முதல்நாளே மேலே கொண்டுவந்து, ரீமின் உறையைப் பிரிக்காமல் அந்த அறையிலேயே வைத்துவிட வேண்டும். அடிக்கும் நேரத்தில் மட்டும் பிரிக்கலாம்.

ரீமின் உறை வெறும் அலங்காரமில்லை, ஈரத்தைத் தடுக்கவே அதில் பூச்சு உண்டு. மிஞ்சிய தாளை அதே உறைக்குள் மடித்து வையுங்கள், இல்லையென்றால் பொலித்தீன் பை. நிலத்தில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, படுக்கையாக. நிமிர்த்தி வைத்த ரீம் வளைந்துவிடும். நனைந்த தாளை வெயிலில் காயவைத்து மெசினுக்குள் போடும் எண்ணம் வந்தால் அதைக் கணக்குப் பார்க்கும் துண்டாகப் பாவியுங்கள்.

சுருண்ட தாளைத் தவிர்க்கவே முடியாவிட்டால் சுருள் முனை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மேல்நோக்கினால் சிலிண்டரில் போய் முட்டும். பழைய அடுக்கின் மேல் புது ரீமைப் போடுவதும் நல்ல பழக்கமில்லை.  தட்டை இறக்கிப் பழையதை எடுத்து, புதியதைக் கீழே வைத்துப் பழையதை மேலே வையுங்கள்.

எந்தத் தாள் என்றால், 70, 80 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாளில் இந்த மெசின் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். 60இல் வேகத்தை நடுப்படிக்கு இறக்கினால் நல்லது. நியூஸ்பிரின்ட் 50 ஜிஎஸ்எம்முக்குக் கிட்டத்தான் வரும். மெசினின் கீழ் எல்லையை ஒட்டியது. மையை நன்றாகக் குடிக்கும், விலையும் குறைவு, ஆனால் தூசு கொட்டும். மிகக் குறைந்த வேகமும் கிழமைக்கு ஒரு துடைப்பும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். பளபளப்புத் தாள் அறவே சரிவராது. ரிசோ மை சூட்டில் உருகி ஒட்டுவதில்லை, தாளுக்குள் ஊறித்தான் காயும். பூச்சுத் தாளில் ஊற இடமில்லை.

இரண்டு பக்கமும் அடிப்பவர் இங்கேதான் அவசரப்படுகிறார். முதல் பக்கம் காயாமல் திருப்பிப் போட்டால் ஈர மை ரோலரில் ஏறும், ரோலர் அதை அடுத்த தாளில் கோடாகப் பூசும், பிடியும் போகும். ஒரு இரவு விடுங்கள். கறுப்புப் படம் நிறைய இருந்தால் ஒரு முழு நாள்.

பாவித்தது வாங்கப் போகிறீர்களானால்

கடைக்காரர் தரும் புது ரீமில் எந்த மெசினும் அழகாக ஓடும். உங்கள் தாளைக் கொண்டுபோங்கள்: 80இல் நூறு, 70இல் நூறு, நீங்கள் பாவிக்கும் மிக மெல்லியதில் நூறு. சரியாக எண்ணிய நூறு தாளைத் தட்டில் வைத்து, நூறு பிரதி என்று கொடுங்கள். 97இல் "தாள் முடிந்தது" என்று மெசின் சொன்னால் மூன்று தரம் இரட்டைத்தாள் போயிருக்கிறது. மெல்லிய தாளைக் குறைந்த வேகத்திலும் மற்றதை 130இலும் போட்டுப் பாருங்கள். பிறகு மூடியைத் திறக்கச் சொல்லிப் பாட்டில் நகக் கீறல் சோதனை, ரோலரில் விரல் சோதனை. தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். மொத்தப் பிரதி எண்ணிக்கையையும் காட்டச் சொல்லுங்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காக மயங்காதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த மெசினில் இறப்பர் தானாகவே இறுகியிருக்கும்.

ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்கு வந்த மெசின் 100 வோல்ட். நம் 230இல் நேரே கொடுத்தால் கதை அன்றே முடியும்; டிரான்ஸ்போர்மரோடு விலை பேசுங்கள். மை உறையிலும் மாஸ்டர் சுருளிலும் மெசின் வாசிக்கும் டேக் இருக்கிறது, ஆகவே இங்கே கிடைக்கும் மையையும் மாஸ்டரையும் போட்டே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரிக்கோவின் மெசினும் ஜெஸ்டெட்னர் பெயரில் வருவதும் கண்ணில் படலாம். 1995இல் ஜெஸ்டெட்னரை ரிக்கோ வாங்கியபின் அவை இரண்டும் ஒரே குடும்பம். தாள் இழுக்கும் தத்துவம் இதேதான், உறுப்புகள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எதை வாங்கினாலும் ரோலரும் பாட்டும் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு மெசினின் விலையைக் கேளுங்கள்.

ஒரு மூலத்தில் இருபது முப்பது பிரதிக்குக் கீழேதான் தேவை என்றால் இது வேண்டாம், மாஸ்டர் செலவே கூடிவிடும், போட்டோகொப்பி போதும். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் டியூட் அடிப்பவருக்கு இதற்கு ஈடு இல்லை. வாங்கும்போதே ஒரு பாட், ஒரு சோடி ரோலர் கூடுதலாக எடுத்து லாச்சிக்குள் போட்டுவிடுங்கள், வெயில் படாமல், எண்ணெய் படாமல். மாற்றும் நாளில் மெசினின் பிரதிக் கவுன்டரில் நிற்கும் எண்ணை மூடியின் உட்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த முறை கட்டுக்குள் வெற்றுத்தாள் தலைகாட்டும்போது அந்த எண்ணைக் கழித்துப் பார்த்தால், குறை பாட்டிலா களஞ்சியத்திலா என்று மூடியைக் கழற்றாமலே ஊகிக்கலாம்.